கேளாதோர் பிரதிநிதி

அந்த ஞாயிற்றுக்கிழமை ராஜலிங்கம் உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவருடைய மகளின் கலியாணம் குறித்த தேதியிலேயே நடந்திருக்கும்.

அவர் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. ஆராதனை முடிந்து, வாசலில் போதகர் சந்திரகுமார் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். ராஜலிங்கம் தன் முறை வந்ததும் கேட்டார்:

"ஐயா, லோஜினியோட கலியாண அறிவித்தல எப்ப வாசிப்பீங்க?"

"இப்பதானே வாசிச்சேன்," என்றார் போதகர்.

"அப்படீங்களா? பின்னால எங்களுக்கு ஒண்ணுமே கேக்கலங்க."

போதகருக்குப் பக்கத்தில் சபைச் செயலாளர் வீரசிங்கம் நின்றுகொண்டிருந்தார். கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுத்து வேலை பார்க்கும் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது கச்சேரியிலிருந்துதான், லிகிதர் வேலையிலிருந்து அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்து நாற்பது வருடம் ஆகியும் அவர் பேச்சும் மாறவில்லை, சட்டைப்பையில் இருக்கும் சின்னக் குறிப்புக் கொப்பியும் மாறவில்லை. கொப்பியை எடுத்தார்.

"என்ன சொன்னியள்? கேக்கேல்லையோ?"

"ஆமாங்க ஐயா. அது பரவாயில்ல. வாசிச்சா சரிதான்."

"பரவாயில்லை எண்டு விடேலாது, ராஜலிங்கம். சபை யாப்பு, பதினாலாம் பிரிவு. கலியாண அறிவித்தல் சபையார் கேட்கும்படியாக வாசிக்கப்பட வேண்டும். கேட்கும்படியாக! பெண்ணைப் பெத்த தகப்பனுக்கே கேக்கேல்லை எண்டால் அது வாசிச்சதாகாது. கலியாணம் செய்யேலாது."

ராஜலிங்கம் ஒரு அடி முன்னால் வந்தார். "ஐயா, எனக்குக் கேட்டிச்சுங்க," என்றார் அவசரமாக.

"முதல் வாக்குமூலம்தான் செல்லும்," என்று வீரசிங்கம் கொப்பியை மூடினார்.

மற்றச் சபைகளில் கலியாண அறிவித்தலை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். எங்கள் மேட்டுச் சேர்ச்சில் ஒரே ஞாயிறுதான். சபைச் சட்டமான யாப்பை எழுதியவர் அவசரக்காரர் போலிருக்கிறது. ஆனால் அந்த ஒரு ஞாயிறும் கேட்டாக வேண்டும். சேர்ச்சில் இருந்தது ஒரு மைக்கும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும். இடப்பக்கப் பெட்டி பல வருடங்களாகப் பேசுவதில்லை. வலப்பக்கப் பெட்டி பேசும். ஆனால் தனக்குத் தானே பேசிக்கொள்ளும். போதகரோ மெல்லிய குரல்காரர். மைக் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் அதையும் விழுங்கிக்கொள்வார். பின்னால் உட்காரும் மஹய்யாவைப் பகுதிச் சனங்களுக்கும், ஹந்தானையிலிருந்து இறங்கி வரும் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கும் பிரசங்கம் என்பது தூரத்தில் ஒருவர் உதட்டை அசைப்பது. எல்லோரும் எழும்பினால் எழும்புவார்கள், உட்கார்ந்தால் உட்காருவார்கள். யாரும் குறை சொன்னதில்லை.

மாப்பிள்ளை கஜேந்திரன் வத்தேகமப் பையன். கட்டார் நாட்டில் ஒரு ஹோட்டலில் வேலை. நாற்பத்தைந்து நாள் லீவில் வந்திருந்தான். பதிவுத் திருமணம் முடிந்திருந்தது. பதிவாளர் அதை ஏழு நிமிடத்தில், மைக் இல்லாமல், எல்லோருக்கும் கேட்கும்படியாகச் செய்து முடித்தார். ஆனால் இரண்டு வீட்டாரும் சேர்ச்சில் ஆசீர்வாதம் ஆகாமல் பிள்ளைகளை ஒன்றாக விடுவதாக இல்லை. ஆகவே சட்டப்படி புருஷன் பெண்டாட்டியான இருவரும் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சந்தித்து, தேத்தண்ணி குடித்து, ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, 'கேட்டிச்சு'ன்னு முதல்லயே சொல்லியிருந்தா என்ன?" என்று லோஜினி கேட்டாள்.

"நான் என்னத்தடா கண்டேன்," என்றார் ராஜலிங்கம். முப்பது வருடமாகத் துணிக்கடையில் துணி அளந்து கிழிக்கிறவர். எத்தனை முழம் என்று கேட்டால் இருக்கிறதைத்தான் சொல்லுவார்.

அடுத்த புதன்கிழமை, புது மைக்கும் ஸ்பீக்கரும் வாங்குவதற்கான ஒலித் தொகுதித் தெரிவுக் குழு கூடியது. அது முடியும்வரை அறிவித்தலை மறுபடி வாசிக்கக் கூடாது என்று வீரசிங்கம் சொல்லிவிட்டார். ராஜலிங்கத்துக்கும் கடிதம் வந்திருந்தது. அவரைக் குழுவில் 'கேளாதோர் பிரதிநிதி'யாக நியமித்திருப்பதாகவும், அது ஒரு கௌரவப் பதவி என்பதால் கூட்டத்தில் பேச வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் அதில் இருந்தது.

ஆரம்ப ஜெபம் இருபது நிமிடம். பிறகு குழுவின் பெயரில் 'ஒலி' என்று இருப்பது சரியா, 'ஓசை' என்று இருக்க வேண்டுமா என்ற விவாதம் முக்கால் மணி நேரம். ஓசை என்றால் சத்தம் என்றும், சத்தம் சேர்ச்சுக்கு ஆகாது என்றும் முடிவாயிற்று. அதற்குள் மெல்பர்னில் இருக்கும் டிரஸ்டி வீடியோவில் வந்துவிட்டார். அவர்தான் பெரும் நன்கொடையாளர். மடிக்கணினியில் அவர் முகம் தெரிந்தது. வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"ஐயா மைக்கை அமத்தி வெச்சிருக்காரு போல," என்று ராஜலிங்கம் மெதுவாகச் சொன்னார்.

"பேச வேண்டிய கட்டாயம் இல்லை எண்டு கடிதத்தில இருந்ததோ இல்லையோ?" என்றார் வீரசிங்கம்.

டிரஸ்டி கால் மணி நேரம் பேசினார். ஒரு கட்டத்தில் விரலை நீட்டினார். இன்னொரு கட்டத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழு உறுப்பினர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கையசைத்து மறைந்ததும் வீரசிங்கம் கூட்ட அறிக்கையில் எழுதிக்கொண்டே உரக்க வாசித்தார்: "டிரஸ்டி அவர்கள் நீண்ட, ஆழமான உரை நிகழ்த்தினார்கள். குழு அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது."

"என்னத்தங்க ஏத்துக்கிட்டோம்?" என்று ராஜலிங்கம் பக்கத்தில் இருந்த போதகரிடம் கேட்டார்.

போதகர் கூரையைப் பார்த்தார்.

இரண்டாம் வாரம், தேவை உண்டா என்று அறிய ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். தேவை இல்லாத பொருளைத் தெரிவு செய்வது யாப்புக்கு விரோதம். ஞாயிறு ஆராதனையின் நடுவில் போதகர் மைக்கைப் பிடித்து, "பின்னால் இருப்பவர்களில் நான் பேசுவது கேட்காதவர்கள் தயவுசெய்து கையை உயர்த்துங்கள்," என்று வாசித்தார்.

ஒருவரும் கையை உயர்த்தவில்லை. ராஜலிங்கம் தன் மனைவி அழகம்மாவிடம் "இப்ப என்ன சொல்றாரு?" என்று கேட்டார். "காணிக்கை எடுக்கப் போறாங்க போல," என்று அழகம்மா கைப்பையைத் திறந்தார்.

கணக்கெடுப்பின் முடிவு: நூற்றுக்கு நூறு பேருக்கும் நன்றாகக் கேட்கிறது.

"அப்ப பிரச்சினை தீர்ந்திச்சுதானே ஐயா," என்று ராஜலிங்கம் புதன்கிழமை ஆசையோடு கேட்டார். "எல்லாருக்கும் கேக்குதுன்னு ஆயிடிச்சு. அறிவித்தலும் கேட்ட மாதிரித்தானே? கலியாணத்த வச்சிருவோமே."

வீரசிங்கம் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அது கணக்கெடுப்பு. இது முறைப்பாடு. இரண்டும் வேற வேற கோப்பு."

மூன்றாம் வாரம் ஸாகி வந்தார். கட்டுகஸ்தோட்டை வீதியில் கலியாணங்களுக்கும் கூட்டங்களுக்கும் சவுண்ட் செட் வாடகைக்குக் கொடுக்கிறவர். குழுவுக்குக் காட்டப் புதுப் பெட்டிகளை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், வன் டூ த்ரீ," என்றார்.

வீரசிங்கம் கையை உயர்த்தி நிறுத்தினார். ஆலயத்துக்குள் பரீட்சார்த்தமாகப் பேசப்படும் சொற்கள் எவை என்று குழு இன்னும் முடிவெடுக்கவில்லை. 'ஹலோ' யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்ற கேள்வி இருந்தது. 'வன் டூ த்ரீ' ஆங்கிலம்; இது தமிழ் ஆராதனை. 'ஒன்று இரண்டு மூன்று' என்றால் தொடர்ந்து நாலு வர வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். அதற்காக மூவர் கொண்ட உபகுழு அமைக்கப்பட்டு, போதகரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

ஸாகிக்குப் பொழுது போகவில்லை. ஏணியைச் சாத்தி ஏறி, பேசாத இடப்பக்கப் பெட்டியின் முதுகைத் திறந்து பார்த்தார். ராஜலிங்கம் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணன், இதுல ஒண்ணும் இல்ல. வயர் களண்டு ஈக்கு. அஞ்சு நிமிஷத்துல செஞ்சு தாறன். சல்லி கில்லி வேணாம்."

ராஜலிங்கத்துக்கு ஏணியிலேயே சந்தோஷம் ஏறியது. ஓடிப்போய் உபகுழுவின் கதவைத் தட்டினார். வீரசிங்கம் வெளியே வந்து, விஷயத்தைக் கேட்டு, முகம் வெளுத்துப் போனார்.

"தொடச் சொல்லாதேங்கோ! அதை இப்ப திருத்தினால் நாங்கள் என்னத்தைத் தெரிவு செய்யிறது? வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்கு அறிவிச்சாச்சு. மெல்பர்னில வாக்குக் குடுத்திட்டினம். டொரன்டோவில காசு சேர்க்க விருந்து வைக்கப் போகினம். அஞ்சு நிமிஷத்தில வயர் பூட்டினால் அவைக்கு எங்கட முகத்தை எப்பிடிக் காட்டுறது?"

"ஆனா ஐயா, கேக்கணும்னா..."

"ராஜலிங்கம், கேக்கிறதுக்காக மட்டும் ஒரு சபை ஒலித் தொகுதி வாங்கிறேல்லை. இருக்குது எண்டு தெரியோணும். கேக்கிறது பிறகு தானா வரும்."

ஸாகி ஏணியிலிருந்து இறங்கினார். கையைத் துடைத்துக்கொண்டு சேர்ச்சின் உள்ளே ஒரு தடவை நடந்து பார்த்தார். முன்னால் உட்காருவதற்கு இருந்த எட்டு வரிசை மர வாங்குகளும் மெழுகு பூசிப் பளபளத்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைத் தகடு. தகட்டில் ஒரு குடும்பத்தின் பெயர்.

"இதுல யாரு இருக்கிற?" என்று கேட்டார்.

"ஸ்தாபகக் குடும்பங்கள்," என்றார் வீரசிங்கம்.

"அவங்க எங்க?"

"வெளிநாட்டில."

"எல்லாருமா?"

"நத்தார்ப் பண்டிகைக்கு வந்தாலும் வருவினம். போன தடவை வந்தது எண்பத்தேழாம் ஆண்டு."

ஸாகி பின்னால் பார்த்தார், முன்னால் பார்த்தார். "அப்ப பின்னுக்கு ஈக்கிறவங்க முன்னுக்கு வந்து இருந்தா போதுமே சேர். மைக்கே வேணாமே."

வீரசிங்கம் ஸாகியின் தோளில் கை வைத்து, தன்மையாகப் பேசினார்.

"தம்பி, நீங்கள் வியாபாரி. உங்களுக்கு இது விளங்காது. இந்த முன்வரிசையில இருக்கிற குடும்பங்கள் முப்பது நாப்பது வருஷமா ஒரு முறைப்பாடு சொன்னதில்லை. பிள்ளையள் அழுததில்லை. பிரசங்கம் நடக்கேக்க கதைச்சதில்லை. நித்திரை கொண்டதில்லை."

"அவங்க வாறதே இல்லையே சேர்."

"அதுதான் ஒழுக்கம்."

ஸாகி தன் பெட்டிகளை வேனில் ஏற்றினார். போகும்போது ராஜலிங்கத்திடம் மட்டும், "அண்ணன், மகளுக்கு துஆ செய்றன்," என்றார்.

நாலாம் வாரம், பழைய பெட்டிகள் இரண்டையும் மைக்கையும் கழற்றி இறக்கினார்கள். புதியது எது என்று தெரிவாகவில்லை; ஆனால் பழையதற்குப் பிரியாவிடை கொடுப்பதற்குத் தேதி ஏற்கெனவே குறித்தாகிவிட்டது. பெட்டிகளை மேசையில் வைத்து மாலை போட்டு நன்றி ஆராதனை நடத்தினார்கள். வீரசிங்கம் அவற்றின் சேவையைப் பாராட்டி நாற்பது நிமிடம் பேசினார். மைக் இல்லாததால் பின்னால் ஒருவருக்கும் கேட்கவில்லை.

ஐந்தாம் வாரம் கஜேந்திரனின் லீவில் பத்து நாள்தான் மிச்சம். லோஜினி வேலை செய்யும் பார்மசியில் ஒரு வாடிக்கையாளருக்கு இருமல் மருந்துக்குப் பதிலாகக் காதுச் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். முதலாளி அவளை வீட்டுக்கு அனுப்பினார். அவள் வந்து கலியாணச் சேலை இருந்த பெட்டியைத் திறந்து, மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ராஜலிங்கம் தாங்கியிருப்பார்.

அவர் எழுந்து நேரே போதகர் வீட்டுக்குப் போனார். வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார்.

"ஐயா, நீங்கதான் போதகர். அந்த ஐயா செயலாளர். என் பிள்ள முகத்தப் பார்த்து நீங்களே சொல்லுங்க, வாசிக்க மாட்டேன்னு. நான் கேட்டுக்கிறேன். எனக்கு நல்லாவே கேக்கும்."

போதகர் சந்திரகுமார் நல்லவர். ஆறு வருடமாக வீரசிங்கத்தின் கொப்பிக்குப் பயந்து நல்லவராக இருந்தார். தலையைச் சொறிந்தார். "வாற ஞாயிறு வாசிக்கிறேன்," என்றார்.

செய்தி எட்டியதும் வீரசிங்கம் தடுக்கவில்லை. அவர் தடுப்பதில்லை, நிபந்தனை போடுவார். "வாசிக்கட்டும். நான் கடைசி வாங்கில, கதவோட இருப்பன். பதிவேட்டோட. அங்க எனக்குக் கேட்டால் 'கேட்டது' எண்டு எழுதுவன். கேக்காட்டி 'கேக்கேல்லை'. பிறகு அடுத்த வருஷம் புது ஒலித் தொகுதியோட பாப்பம்."

ராஜலிங்கம் இதை வீட்டில் வந்து சொன்னார். ஸாகி சொன்னதையும் அன்றுதான் சொன்னார். அழகம்மா மரக்கறி வெட்டுவதை நிறுத்தினார்.

"முன்னால உக்காந்தா கேக்கும்னு அந்தத் தம்பி சொன்னாரா?"

"சொன்னாரு."

"அப்ப முன்னால போய் உக்காருவோம்."

"யாப்புல இடமில்லையாமே."

"நாம யாப்புலயா உக்காரப் போறோம்? வாங்குலதானே."

ஞாயிற்றுக்கிழமை காலை அழகம்மா ராஜலிங்கத்தையும் லோஜினியையும் கஜேந்திரனையும் அவன் தாயையும் கூட்டிக்கொண்டு நடுப்பாதையில் நடந்தார். வழக்கமாகத் திரும்பும் இடத்தில் திரும்பவில்லை. பித்தளைத் தகடுகளைத் தாண்டிப் போய் முதல் வாங்கில் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நேராகப் பார்த்தார். ஹந்தானைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி எழுந்தாள். பிறகு நாலு பேர். பிறகு வாங்குகள் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தன. மெழுகு பூசிய பலகையில் ஒரு குழந்தை வழுக்கிக் கீழே விழுந்து எழுந்து சிரித்தது. கடைசி வாங்கில் வீரசிங்கம் மட்டும் பதிவேட்டைப் பிடித்தபடி தனியாக இருந்தார். எழுந்து வந்து தடுத்திருப்பார். ஆனால் தான் கடைசி வாங்கில் இருப்பதாகப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

போதகர் சந்திரகுமார் பிரசங்க மேடையில் ஏறி நிமிர்ந்தார். ஆறு வருடமாக எட்டு வரிசைப் பித்தளைக்குப் பிரசங்கம் செய்தவர். இப்போது மூக்குக்கு முன்னால் முகங்கள். மைக் இருந்த இடத்தில் கை பழக்கத்தில் துழாவியது, ஒன்றும் அகப்படவில்லை. தயங்கிப் பேசத் தொடங்கினார். வருடாவருடம் சொல்லும் ஒரு சின்னப் பகிடியைச் சொன்னார். அழகம்மா சிரித்துவிட்டார். பக்கத்து வாங்கும் சிரித்தது. போதகர் திடுக்கிட்டார். அந்தப் பகிடிக்குச் சிரிப்பு வரும் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் குரலைப் பிடிக்க முடியவில்லை. அது ஏறிக்கொண்டே போனது. ஜன்னலில் இருந்த புறாக்கள் பறந்தன.

பிரசங்கம் முடிந்ததும் அறிவித்தல் தாளை எடுத்தார்.

"வத்தேகமயைச் சேர்ந்த கஜேந்திரனுக்கும், மஹய்யாவையைச் சேர்ந்த ராஜலிங்கம், அழகம்மா தம்பதிகளின் மகள் லோஜினிக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது! யாருக்காவது ஆட்சேபனை இருந்தால் இப்போதே சொல்லலாம்!"

"எனக்கு ஆட்சேபனை இருக்கு!" என்று கதவடியிலிருந்து குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். கஜேந்திரனின் தாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வீரசிங்கம் எழுந்து நின்றிருந்தார்.

"பெண் மேலயா, மாப்பிள்ளை மேலயா?" என்று போதகர் கேட்டார். குரல் இன்னும் இறங்கவில்லை.

"அவையில எனக்கு ஒரு குறையும் இல்லை. அவை இருக்கிற வாங்கிலதான் ஆட்சேபனை!"

போதகர் பதில் தேடிக்கொண்டிருந்தபோது ராஜலிங்கம் எழுந்தார். ஐந்து வாரம் குழுவில் இருந்தும் அவருடைய பெயரில் ஒரு வரி கூடக் கூட்ட அறிக்கையில் ஏறவில்லை.

"செயலாளர் ஐயா, மன்னிக்கணும். உங்களுக்குக் கேட்டிச்சுங்களா?"

"என்ன?"

"போதகர் ஐயா வாசிச்சது."

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

"அப்ப எதுக்குங்க எழும்பி ஆட்சேபனை சொன்னீங்க?"

வீரசிங்கம் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். அதில் அழுக்கு இல்லை. முன்வரிசையில் அழகம்மாவின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. வீரசிங்கம் மெதுவாக உட்கார்ந்தார். நாற்பது வருடத்தில் அவர் எத்தனையோ பேரை அலைய வைத்திருக்கலாம். ஆனால் ஒரு பதிவேட்டில் பொய் எழுதியவர் இல்லை. பேனா மூடியைத் திறந்து, திருத்தமான கையெழுத்தில் எழுதினார்: 'கேட்டது. ஆனால் உடன்பாடில்லை.'

கலியாணம் செவ்வாய்க்கிழமை நடந்தது. சாட்சிக் கையெழுத்துக்கு வீரசிங்கத்தைத்தான் கூப்பிட வேண்டும் என்று ராஜலிங்கம் பிடிவாதமாக நின்றார். வீரசிங்கம் கோட் அணிந்து வந்தார். பக்கத்தை முழுவதும் வாசித்தார். லோஜினியின் பெயரில் ஒரு எழுத்துக்கு மேலே வரும் விசிறிச் சுழி விட்டுப்போயிருந்ததைச் சிவப்பு மையால் போட்டார். பிறகு கையெழுத்திட்டார்.

"பிள்ளை," என்றார் லோஜினியிடம், "பிழையில்லாமல் இருக்கோணும்."

அவருடைய குரல் தழுதழுத்ததாக அழகம்மா இன்றைக்கும் சொல்லுகிறார். ராஜலிங்கத்துக்கு அது கேட்கவில்லை. அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.